இசைத் தொழிலாளி பாக்

மேனாட்டுச் சங்கீதத்தின் வரலாற்றை எழுதுவோர், யோகான் செபாஸ்தியன் பாக் என்னும் பெயருக்கு வந்ததும் தமது நடையை மாற்றிக்கொள்வது வழக்கம். அதுவரை சம்பளம், பதவி, போட்டி, புரவலர் என்று பேசிவந்தவர்கள் திடீரெனத் தெய்வீகம், அருள், நித்தியம் என்று பேசத் தொடங்குவர். பக்திமானாகிய பாக் உலகை மறந்து தேவாலயத்து ஓர்கனின் முன் அமர்ந்திருந்தார் என்றும், அவ்விடத்திலே தேவகானம் தானாகச் சுரந்தது என்றும் ஒரு சித்திரம் நம் கண்முன் விரிக்கப்படுகின்றது. பாக் பக்திமானே, அதில் ஐயமில்லை. ஆயின் அவர் உலகை மறந்திருந்தார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அவர் எழுதி இன்று எஞ்சியுள்ள கடிதங்களிலும் விண்ணப்பங்களிலும் பெரும்பாலானவை சம்பளத்தைப் பற்றியும், உரிமையைப் பற்றியும், போதிய பாடகர் இல்லாமையைப் பற்றியும், பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றியுமே பேசுகின்றன. அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு அவருடைய இசையை மாத்திரம் போற்றுவது, வீட்டைப் புகழ்ந்துவிட்டுக் கட்டிய கொத்தனை வாசலில் நிறுத்திவைப்பதை ஒக்கும்.

பாக் 1685ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆந் திகதி ஜேர்மனியின் துரிங்கியாப் பகுதியிலுள்ள ஐசனாக் என்னும் சிறு நகரிலே பிறந்தார். தந்தை அந்நகரின் இசைக்காரர். பாட்டன், முப்பாட்டன், சிற்றப்பன்மார், ஒன்றுவிட்ட சகோதரர் யாவரும் அதே தொழிலினர். துரிங்கியாவில் நகர இசைக்காரருக்குப் பொதுப்பெயராகவே 'பாக்' என்பது வழங்கிற்று என்று கூறுவர். குயவனின் மகன் குயவனாகவும் தச்சனின் மகன் தச்சனாகவும் வளர்ந்த ஒரு சமுதாயத்திலே, இசையும் அவ்வாறே கைமாறிவந்த ஒரு கைத்தொழிலாக இருந்தது. பட்டறையிலே பயிற்சி, மூத்தோரின் படைப்புக்களைப் பிரதிசெய்தல், பின்னர் ஊர் ஊராகச் சென்று வேலை தேடல் என்னும் ஒழுங்கு இசைக்காரருக்கும் பொருந்திற்று. பாக்கின் மேதைமையை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இந்தப் பட்டறையை மறத்தல் கூடாது. அவர் கடைசிவரை தம்மை ஒரு தொழில்வல்லுநராகவே கருதினார்.

ஒன்பது வயதிலே தாயையும், பத்து வயதை எட்டுமுன்னரே தந்தையையும் இழந்த சிறுவனை, ஓர்ட்ரூப் என்னும் ஊரில் ஓர்கன் வாசிப்பவராக இருந்த மூத்த தமையன் ஏற்றுக்கொண்டார். தமையன் பூட்டிவைத்திருந்த இசைச்சுவடி ஒன்றை அச்சிறுவன் அலுமாரிக் கம்பிகளின் ஊடாகக் கைவிட்டெடுத்து, ஆறு மாதகாலம் நிலவொளியிலே இரகசியமாகப் பிரதிசெய்தான் என்றும், அதனைக் கண்ட தமையன் பிரதியைப் பறித்துக்கொண்டார் என்றும் குடும்பத்தார் பிற்காலத்திலே நினைவுகூர்ந்தனர். பாக் இறந்து நான்கு ஆண்டுகளின் பின் 1754இல் அவர் மகனும் மாணவர் ஒருவரும் வெளியிட்ட இரங்கற் குறிப்பிலே இக்கதை காணப்படுகின்றது. கதையிலே சிறிது மெருகு ஏறியிருக்கலாம். எனினும் அச்சிட்ட இசைநூல் கிடைத்தற்கரிய பொருளாக இருந்த காலத்தில், ஏழை மாணவனுக்குக் கையெழுத்துப் பிரதியே கல்விச்சாலையாக இருந்தது என்னும் செய்தி அதில் உண்டு.

பதினெட்டாவது வயதில் ஆர்ன்ஸ்ராட் நகரத் தேவாலயத்திலே ஓர்கன் வாசிக்கும் உத்தியோகம் கிடைத்தது. 1705ஆம் ஆண்டின் இறுதியில், லூபெக் நகரில் வாழ்ந்த முதுபெரும் இசைஞர் புக்ஸ்ரகூடவைக் கேட்பதற்காக நான்கு வாரம் விடுமுறை பெற்று, ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் தூரத்தைக் கால்நடையாகவே கடந்தார். நான்கு வாரம் நான்கு மாதமாயிற்று. திரும்பிவந்ததும் திருச்சபை நிருவாகிகள் விளக்கம் கோரினர். விடுமுறையை மீறியமை ஒரு குற்றம். பாசுரங்களுக்கு வாசிக்கையில் விசித்திரமான சுரங்களைக் கலந்து சபையோரைக் குழப்பியமை இன்னொரு குற்றம். தம் தொழிலைக் கற்றுக்கொள்ளவே சென்றதாக அவர் விடை கூறினார். இப்பதிவேட்டைப் படிக்கும்போது நமக்கு நகைப்பு வருகின்றது. ஆயினும் எசமானர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு வாரத்துக்கு மாத்திரமே விடுமுறை கொடுத்தவர்கள் அவர்கள்.

1707இல் முல்ஹவுசன் நகருக்கு மாறிய பாக், அவ்வாண்டு ஒக்டோபரில் தம் உறவினளான மரியா பார்பராவை மணந்தார். அடுத்த ஆண்டே வைமார் சிற்றரசனின் அரண்மனைக்குச் சென்றார். அரண்மனை இசைஞன் என்பவன் அக்காலத்து நிலமானிய ஒழுங்கிலே பணியாட்களில் ஒருவன். சம்பளம் பெறலாம், ஆனால் விரும்பியபோது விலகிச் செல்ல முடியாது. 1717இல் கேத்தென் அரசர் லெயோபோல்ட் தம் அவைக்கு அழைத்தபோது, பாக் விடுதலை வேண்டிப் பிடிவாதமாக மன்றாடினார். வைமார் அரசர் அந்தப் பிடிவாதத்தையே குற்றமாகக் கொண்டு, நவம்பர் 6ஆந் திகதி அவரைச் சிறையிலிட்டு டிசம்பர் 2ஆந் திகதி விடுவித்து, அவமதிப்புடன் பதவிநீக்கினார். வேலையை விட்டு விலக விரும்பியதற்காக ஏறக்குறைய ஒரு மாதம் சிறை! இசைக்குப் புரவலர்களாக விளங்கிய அரசர்களைப் பற்றி நன்றியோடு எழுதுவோர் இந்நிகழ்ச்சியை அடிக்குறிப்பிலே தள்ளிவிடுவர்.

கேத்தென் வாழ்க்கை இன்பமாகவே தொடங்கிற்று. அரசர் இசையறிந்தவர், சம்பளமும் நன்று. ஆனால் 1720இல் அரசரோடு கார்ல்ஸ்பாட் சென்றிருந்த பாக் திரும்பிவந்தபோது, நலமாக விட்டுச்சென்ற மனைவி இறந்து அடக்கமும் முடிந்துவிட்டது. எஞ்சியிருந்த நான்கு பிள்ளைகளில் மூத்தவளுக்கு வயது பதினொன்று, இளையவனுக்கு ஐந்து.

அவ்வாண்டின் இறுதியிலே ஹம்பேர்க் நகரத்துப் புனித யாக்கோபு தேவாலயத்தில் ஓர்கன் பதவி ஒன்று வெறுமையாயிற்று. பாக் அந்நகரிலே வாசித்துக் காட்டியபோது, யாவரும் வியந்து கேட்டனர். பதவியோ, தேவாலயத்தின் நிதிக்கு 4,000 மார்க் செலுத்திய வேறொருவருக்குப் போயிற்று. அவ்வாலயத்துக் குருவானவர் நொய்மைஸ்ரர் இதனைப் பொறுக்கமாட்டாதவராய்ப் பிரசங்க மேடையிலேயே இடித்துரைத்தார்: பெத்லெகேமின் வானதூதரில் ஒருவரே இறங்கிவந்து தெய்வீகமாக வாசித்தாலும், கையிற் பணமில்லையேல் அவர் திரும்பிப் பறந்துபோகவேண்டியதுதான் என்பது அவர் கூற்றின் சாரம்.

1721 டிசம்பரில் பாக் இரண்டாந் தாரமாக அன்னா மக்தலேனா வில்க்கெயை மணந்தார். அவருக்கு வயது இருபது. அவர் கேத்தென் அரண்மனையிலே சம்பளம் பெற்ற பாடகி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாக்கின் வரலாற்றில் அவர் வழக்கமாகப் பிள்ளை பெற்றவராகவும், கணவன் அன்போடு எழுதிக் கொடுத்த இசைக்குறிப்பேடுகளின் சொந்தக்காரியாகவும் மாத்திரமே தோன்றுவார். உண்மையிலே அவர் தம் சொந்தத் தொழிலாற் பெயர்பெற்ற கலைஞர். 1723இல் குடும்பம் லைப்சிக் நகருக்குக் குடிபெயர்ந்தபோது அத்தொழில் அநேகமாக முடிவுற்றது. அந்நகரின் தேவாலயங்களிலே பெண்கள் பாடுவதற்கு இடமில்லை. கணவனின் உயர்ந்த பாடல்களை அவர் கோயிலிலே பாடியிருக்க முடியாது. ஆனால் அவற்றைப் பிரதிசெய்யலாம். தனிச் செலோவுக்கான ஆறு தொகுதிகளைப் பாக்கின் கையெழுத்திலே இன்று நாம் காண்பதற்கில்லை. அவை நமக்குக் கிடைத்தவற்றுள் முதன்மையானது அன்னா மக்தலேனாவின் பிரதியாகும். அவர் எழுத்துக் கணவனின் எழுத்தை ஒத்திருந்தமையால், அவருடைய பிரதிகள் சில நெடுங்காலம் பாக்கின் கைப்பிரதிகள் என்றே கருதப்பட்டன.

லைப்சிக் பதவி எவ்வாறு கிடைத்தது என்பதும் அறியத்தக்கது. புனித தோமையார் பள்ளியின் 'கன்ரோர்', அதாவது பாடற்குழுவின் ஆசான், என்னும் அவ்வுத்தியோகத்துக்கு நகரசபை முதலில் விரும்பியவர் ரெலமான். அவர் ஹம்பேர்க்கில் சம்பள உயர்வு பெற்று மறுத்துவிட்டார். அடுத்தவர் கிரவுப்னர், அவரை அவருடைய அரசர் விடவில்லை. மிகச் சிறந்தவர் கிடையாதவிடத்து நடுத்தரமானவரைத்தான் ஏற்கவேண்டும் என்று சபை உறுப்பினர் ஒருவர் கூறியதாகப் பதிவுண்டு. அந்த நடுத்தரமானவர்தாம் பாக். இசை மிக நீளமாக இருத்தலாகாது. நாடக மேடையின் இசையை ஒத்திருத்தலாகாது. நகரபிதாவின் அனுமதியின்றி ஊரைவிட்டு வெளியேறலாகாது. இவையெல்லாம் அவர் ஒப்பமிட்ட நிபந்தனைகள்.

வேலையின் சுமையை எண்ணிப் பார்ப்போம். நகரின் நான்கு தேவாலயங்களுக்குப் பாடகரை ஒழுங்குசெய்தல் வேண்டும். பள்ளியிலே இசை கற்பித்தல் வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை விடுதிக் கண்காணிப்பாளராக மாணவரை எழுப்பி, செபஞ் சொல்லி, உணவு மேசையிலே அமைதி காத்தல் வேண்டும். இலத்தீன் கற்பிக்கும் கடமையும் இருந்தது. அதற்குத் தம் பணத்திலே பதிலாள் வைத்தார். ஞாயிறுதோறும் ஏறக்குறைய அரைமணி நேரம் நிகழும் 'கன்ராற்றா' என்னும் பாடற்கோவை வேண்டும். முதலாண்டுகளில் அவர் வாரம் ஒன்றாக அவற்றை இயற்றினார். திங்களிலோ செவ்வாயிலோ தொடங்கி, ஈரம் உலராத தாள்களை மனைவியும் மூத்த மக்களும் மாணவரும் பங்கிட்டு ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் தனித்தனியே பிரதிசெய்வர். சனிக்கிழமை ஓர் ஒத்திகை. மறுநாட் காலை ஆராதனை. இன்று நம்மிடம் எஞ்சியுள்ளவை ஏறக்குறைய 200. இழக்கப்பட்டவை 100 வரையில் இருக்கலாம். வீடு என்பது பள்ளிக்கூடத்தின் ஒரு பகுதி. சுவருக்கு அப்பால் ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவர். 1724இல் யோவான் திருப்பாடுகளும், 1727இல் மத்தேயு திருப்பாடுகளும் பெரிய வெள்ளிக்கிழமைகளிலே முதன்முதல் ஒலித்தது இந்த வீட்டின் உழைப்பினாலேயாகும்.

அந்த வீட்டிலே சாவும் அடிக்கடி வந்துபோயிற்று. இரு மனைவியர் வயிற்றிலும் பிறந்த இருபது பிள்ளைகளிற் பத்துப் பேரே வளர்ந்து ஆளாயினர். 1726 முதல் 1733 வரையான காலத்தில் மட்டும் ஏழு குழந்தைகளை அக்குடும்பம் புதைத்தது. திருப்பாடுகளின் இசையிலே கேட்கும் அழுகையை வேத நூலோடு மாத்திரம் தொடர்புபடுத்திப் பேசுவோர் இந்த எண்ணையும் ஒருமுறை நோக்குதல் நன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு குழந்தையின் சாவைக் காரணமாகக் காட்டும் மலிவான விளக்கத்தை நாம் ஏற்கவில்லை. ஆயின் இப்படி வாழ்ந்தவர்களுக்கு மரணமும் மறுமையும் சொல்லலங்காரங்களாக இருந்திருக்கவியலாது.

1730ஆம் ஆண்டு பாக்கின் வாழ்க்கையிலே தெளிவாக ஒளி விழும் ஆண்டு. ஓகஸ்ட் மாதத் தொடக்கத்திலே நகரசபை கூடி, கன்ரோர் தம் கடமைகளைச் செய்வதில்லை, திருத்தமுடியாதவர் என்று குறைகூறி அவருடைய வருமானத்தைக் குறைக்கத் தீர்மானித்தது. அம்மாதம் 23ஆந் திகதி பாக் ஒரு நீண்ட விண்ணப்பத்தை எழுதினார். ஒழுங்கான தேவாலய இசைக்கு எத்தனைபேர் வேண்டும் என்பதை ஒரு மேற்பார்வையாளனின் கணக்குப்போல அதில் அடுக்கிக்காட்டுகின்றார். ஒரு பாடற்குழுவுக்குக் குறைந்தது 12 பாடகர்; 16 ஆயின் நன்று. கையிலிருக்கும் மாணவரில் 17 பேர் பயன்படுவர். 20 பேர் இன்னும் பழகவேண்டும். 17 பேர் எதற்கும் ஆகார். நகரம் சம்பளங் கொடுக்கும் கருவியிசைஞர் எண்மர்; அவர்களுட் சிலர் ஓய்வுபெறும் வயதினர். இவ்விண்ணப்பத்தின் உயிரான பகுதி அதன் பிற்பாகத்தில் உள்ளது. டிரெஸ்டன் நகரத்து அரசவை இசைஞரைச் சென்று பாருங்கள் என்கிறார் பாக். அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லை. ஒவ்வொருவரும் ஒரே கருவியைப் பயில்கின்றனர். ஆகவே சிறப்பாக வாசிக்கின்றனர். இங்கோ நாளாந்தச் சோற்றுக்காக அலைகின்றவன் எவ்வாறு தன் கலையிலே தேர்ச்சி பெறுவான் என்று கேட்கிறார்.

கலைக்கும் கலைஞனின் வயிற்றுக்கும் உள்ள தொடர்பை, எந்தத் தத்துவ நூலையும் துணைக்கொள்ளாது, தன் அனுபவத்தினாலேயே ஓர் இசையாசான் கண்டுகொண்ட இடம் இது. பாக்கை நாம் புரட்சிக்காரராக்க முயலவில்லை; அவர் அரசரையும் ஒழுங்கையும் மதித்த பழைமைவாதி. தம் தொழிலின் மீதிருந்த பற்றே அவரை இவ்விடத்துக்கு இட்டுச்சென்றது. நகரசபை இவ்விண்ணப்பத்தின்படி யாதும் செய்ததாகத் தெரியவில்லை.

இரண்டு மாதங் கழித்து, இளமையிலே ஒன்றாகப் பயின்று இப்போது டன்சிக் நகரில் உயர்பதவியிலிருந்த எர்ட்மான் என்பவருக்கு வேறு வேலை தேடித்தரும்படி பாக் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்துள்ளது. வருமானம் ஏறக்குறைய 700 தாலர். வழக்கத்துக்கு மேற்பட்ட சாவுகள் நேர்ந்தால் அடக்கச் சடங்குகளின் கட்டணத்தால் அது சற்றுக் கூடும். சென்ற ஆண்டு காற்று நலமாயிருந்தமையால் 100 தாலருக்கு மேல் இழப்பு. ஊராரின் சுகம் தம் குடும்பத்தின் நட்டமாகும் நிலையை எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிடுகிறார்! ஆனால் அக்கடிதத்தின் முடிவிலே குரல் மாறுகின்றது. பிள்ளைகள் யாவரும் பிறவி இசைஞர். வீட்டாரைக் கொண்டே வாய்ப்பாட்டும் கருவியுங் கூடிய கச்சேரி நடத்தமுடியும். மனைவி தெளிந்த குரலிற் பாடுவாள். மூத்த மகளும் குறைவில்லாமற் கூடிப்பாடுகிறாள் என்று பெருமைப்படுகிறார். நகரசபை மதியாத மனிதர் தம் வீட்டுக்குள்ளே ஓர் அரசராக இருந்தார்.

எல்லாப் பிள்ளைகளும் பெருமை தேடித்தரவில்லை. யோகான் கொட்பிரீட் பேர்ன்காட் என்னும் மகன் தந்தையின் பரிந்துரையாற் பெற்ற ஓர்கன் பதவியைக் கைவிட்டு, கடன்களையும் விட்டுவிட்டு 1738இல் மறைந்துபோனான். அவ்வூர் நகரபிதாவுக்குப் பாக் எழுதிய கடிதத்தைப் படிப்பது கடினம். மகன் எங்கே இருக்கிறான் என்பது தமக்கே தெரியாது. கண்டிப்பும் அன்பும் உதவியும் யாவும் வீணாயின. இனிச் சிலுவையைப் பொறுமையாகச் சுமப்பதே வழி என்கின்றார். மறு ஆண்டு அவ்விளைஞன் ஜேனா நகரிலே காய்ச்சலால் இறந்தான். வயது 24.

பக்தியைப் பற்றியும் ஒரு சொல். முற்போக்கு விமரிசகர் சிலர், பாக்கின் சமயப் பற்றைச் சம்பளத்துக்காக அணிந்த உடையாகக் காட்ட முற்படுவதுண்டு. இது சான்றுக்கு முரணானது. 1733இல் அவர் தம் பெயரெழுதி வைத்துக்கொண்ட விரிவுரையுடன்கூடிய வேதாகமம் இன்றும் உள்ளது. அதன் ஓரங்களிலே, ஆலய இசையைப் பற்றிய இடங்களில், இறைவனே நிறுவிய பணி இது என்னும் கருத்துப்படக் குறிப்புக்கள் எழுதியுள்ளார். பிறர் பார்வைக்கென எழுதியவை அல்ல அவை. நகரசபை கூலியாளாக நடத்திய ஒருவருக்கு, தாவீது அரசன் நியமித்த பாடகரின் வழித்தோன்றல் தாம் என்னும் எண்ணம் எத்துணை வலிமை தந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அவருடைய பக்தியும் அவருடைய தன்மானமும் ஓரிடத்திலேதான் வேரூன்றி நின்றன.

1749 ஜூன் மாதம், பாக் இன்னும் உயிரோடு பணியிலிருக்கையிலேயே, அவர் இறந்தால் பதவிக்கு வரவேண்டியவர் என்று ஹரர் என்பவரை நகரசபை வரவழைத்துப் பரீட்சை வைத்தது. அடுத்த ஆண்டு, ஊர்ஊராய்த் திரிந்த ஆங்கிலக் கண்வைத்தியர் ஒருவர் இருமுறை செய்த சத்திரசிகிச்சையால் பாக் பார்வையை முற்றாக இழந்து நலிந்து, 1750 ஜூலை 28ஆந் திகதி காலமானார். வயது 65. பள்ளிக்கு வேண்டியது ஒரு கன்ரோரேயன்றி அவைக்களத்து இசைத்தலைவர் அன்று என்பது அடுத்த சபைக் கூட்டத்திலே ஒருவர் உதிர்த்த இரங்கலுரை.

கைம்பெண்ணுக்கு ஆறுமாதச் சம்பளங் கொடுப்பது வழக்கம். அன்னா மக்தலேனா அதற்கு விண்ணப்பித்தபோது, 27 ஆண்டுகளுக்கு முன் பாக் வேலையேற்ற காலத்திலே உழையாத நாட்களுக்குக் கொடுத்துவிட்ட தொகையை நினைவிற் கொண்டு கணக்கர் கழித்துக்கொண்டனர். பதவியோடு வந்த வீடும் பதவியோடு போயிற்று. கையெழுத்துப் பிரதிகள் பங்கிடப்பட்டன. மூத்த மகன் பிரீட்மானின் பங்கிலே பெரும்பகுதி அவருடைய பிற்கால வறுமையில் விற்கப்பட்டுச் சிதறிற்று. கடைசிப் பெருநூலாகிய 'பியூக் கலை' அச்சாகியும் 1756 வரையில் ஏறக்குறைய 30 பிரதிகளே விலைபோயின. இரண்டாம் மகன் எம்மானுவேல் அதன் செப்புத்தகடுகளை விற்பனைக்கு விட்டார். 1752இல் நகரசபை அன்னா மக்தலேனாவுக்கு, அவருடைய வறுமையையும் அவர் கொடுத்த இசைநூல்களையும் கருதி, 40 தாலர் வழங்கியது. 1760 பெப்ரவரி 27ஆந் திகதி அவர் இறந்தபோது, பதிவேட்டிலே அவர் பெயருக்கு நேரே பிச்சைச்சம்பளம் பெறுபவர் என்றே எழுதப்பட்டது.

பாக்கைப் புதைத்த இடத்தில் அடையாளக்கல்லும் இல்லை. 1829 மார்ச்சு 11ஆந் திகதி இருபது வயதினரான மென்டெல்சன் பேர்லினிலே மத்தேயு திருப்பாடுகளை மீண்டும் ஒலிக்கச்செய்தார்; 1850இல் முழுத்தொகுதியை வெளியிடச் சங்கம் ஒன்று அமைந்தது; 1894இல் எலும்புகளைத் தேடி எடுத்தனர்; 1950இல் அவை தோமையார் தேவாலயத்தினுள்ளே வைக்கப்பட்டன. அவர் வாழ்ந்த பள்ளிக் கட்டடத்தை நகரத்தார் 1902இலேயே இடித்துவிட்டனர்.

ஆண்மக்கள் நால்வர் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றனர். பெண்மக்களைப் பற்றி வரலாற்றாசிரியர் அதிகம் எழுதுவதில்லை. தாயுடன் கடைசிவரை வாழ்ந்தவர்கள் மூத்த மகள் கதரீனா டொரோத்தேயாவும் இளைய மகளிர் இருவருமே. அவர்களிற் கடைக்குட்டியாகிய ரெஜீனா சூசன்னா 1742இற் பிறந்தவர். தந்தை இறக்கையில் எட்டு வயது. 1800ஆம் ஆண்டில் லைப்சிக் இசைப் பத்திரிகை ஒன்று, பாக் குடும்பத்தின் எஞ்சிய ஒரே பிள்ளை வறுமையில் வாடுகிறார் என்று தெரிவித்து உதவி கோரிற்று. வியன்னாவிலிருந்து பீத்தோவன் அவருக்காகத் தம் படைப்பொன்றை வெளியிட்டு அதன் வருமானத்தைக் கொடுக்க முன்வந்தார். சேர்ந்த பணத்தைக் கொண்டு ரெஜீனா சூசன்னா 1809 டிசம்பர் வரை அந்நகரிலேயே வாழ்ந்தார்.